நாலு பாலம் கண்ட நடுவர்

சென்ற மாதம் ஒரு மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் ஒரு காணொளி வந்தது. அனுப்பியவள், ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவில் இப்போதும் வேலை செய்யும் பிரியா. சலூன் கதிரையில் ஒருவர் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். பின்னால் நிற்பவர் அவருடைய தாடையில் ஒரு கையும் உச்சந்தலையில் ஒரு கையும் வைத்து ஒரே வெட்டாகத் திருப்புகிறார். ‘கடக்’ என்று ஒரு சத்தம். கதிரையில் இருந்தவர் முகத்தில் அப்படியொரு சுகம். காணொளிக்குக் கீழே, பார்த்தவர்கள் எல்லோரும் தங்களுக்கும் வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

உடனேயே பிரியா அழைத்தாள்.

“மிஸ், இதப் பாத்திட்டு ஆக்கள் வீட்டிலயும் செய்யத் தொடங்கிட்டாங்க. நீங்க அந்த புட்போல் ரெப்ரிட கதைய எழுதித் தாங்க. நாங்க புத்தி சொன்னா ஒருத்தரும் கேக்கிறாங்க இல்ல. கதையெண்டாக் கேப்பாங்க.”

பேசி முடிப்பதற்குள் மீன் கருகிவிட்டது. எழுதுவதாகச் சொல்லிவிட்டேன்.

நான் இயன்மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள். சனங்கள் ‘பிசியோ மிஸ்’ என்பார்கள். கொழும்பில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எலும்புகளின் பெயர்களையும் சிங்களத்தையும் ஒன்றாகப் படித்தேன், இரண்டிலும் ஒருவாறு தேறினேன். மட்டக்களப்புக்கு நியமனம் கிடைத்து வந்தபோது இங்கே பலருக்கு இயன்மருத்துவம் என்றால் என்னவென்று தெரியாது. எண்ணெய் தடவி விடுகிற ஆள் என்று நினைத்தார்கள். கிரானில் இருந்து ஒரு போடியார் தோள் இறுகிப்போய் வந்தார். ஏக்கர் கணக்கில் வயல் உள்ளவர். போத்தலில் நல்லெண்ணெயும் கொண்டு வந்திருந்தார். எண்ணெய் வேண்டாம், கையை இப்படிச் சுவரில் ஏற்றி இறக்குங்கள் என்று காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஏற்றி இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எல்லா வேலையையும் நானே செய்யிறதெண்டா நீங்க என்னத்துக்குப் புள்ள இஞ்ச இரிக்கிறீங்க?”

சுவரைக் காட்டி, இன்னும் பத்துத் தரம் என்றேன். அவருடைய தோள் சுகமாகியது.

என் வேலைக்காலத்தில் பல வைத்திய நிபுணர்களின் கீழ் இருந்தேன். மனதில் நிற்பவர் டொக்டர் மர்சூக். ஏறாவூர்க்காரர். மெலிந்த ஆள், குரலும் மெலிந்தது. அவர் நோயாளர் விடுதியைச் சுற்றி வரும்போது ஒரு சிற்றூழியர் பின்னால் ஒரு முக்காலியைத் தூக்கி வருவார். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் அதைப் போட்டு, நோயாளியின் முகமும் தன் முகமும் ஒரே உயரத்தில் வரும்படி உட்கார்ந்த பிறகுதான் பேச்சு. மருத்துவ மாணவர்கள் நோயாளியின் குறிப்பேட்டை நீட்டினால் வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துவிடுவார். “முதல்ல இவர்ர வாயால கேப்பம்” என்பார். நோயாளி வேலிச் சண்டையைச் சொன்னாலும் மருமகனின் குணத்தைச் சொன்னாலும் இடைமறிக்க மாட்டார். நானில்லாமல் சுற்றைத் தொடங்கவும் மாட்டார். எனக்கு ஏன் இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேன்.

“கிடக்கிறவர எழுப்பப் போறது நீங்க. அப்ப அவர் எப்படி விழுந்தாரெண்டு நீங்களும் கேக்கத்தானே வேணும், திலகம்.”

தேவராசா வந்து சேர்ந்த நாளிலும் அப்படித்தான் நான் அங்கே நின்றேன்.

அவர் நாவற்குடாவில் பிரதான வீதியோரம் டயர் ஒட்டும் கடை வைத்திருந்தவர். நாற்பதைத் தாண்டிய, கட்டுமஸ்தான மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்துப் போட்டிகளுக்கு நடுவராகப் போவார். அதற்குச் சம்பளம் இல்லை, ஏச்சுத்தான் உண்டு. ஆனாலும் டயர் கடையை விட விசிலைத்தான் அவர் தன் தொழிலாக நினைத்தார். ஒருமுறை மனைவி வசந்தியின் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றினார். அன்று வீட்டில் அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைத்ததாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது அவருக்குத் திடீரென்று மைதானம் சுழன்றது. ஒரு பந்து இரண்டு பந்தாகியது. ஒன்று மேலே, ஒன்று கீழே. அவர் இல்லாத பந்தின் பின்னால் ஓடினார். ஓடியவர் இடப்பக்கமாகச் சரிந்து, நடுவட்டத்தில் விழுந்து வாந்தி எடுத்தார். கரையில் நின்றவர்கள் அதைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

“ரெப்ரி இண்டைக்கு நல்லாப் போட்டிரிக்கார்.”

வாழ்நாளில் குடித்தறியாத மனிதர். வசந்திக்கு அவர் விழுந்த கவலையிலும் பார்க்க அந்தப் பேச்சு சுட்டது. பக்கத்தில் ஒரு தனியார் மருந்தகத்தில் காதில் ஏதோ கோளாறு என்று குளிசை கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் காலையில் குடித்த தேநீர் மூக்கால் வந்தது. விக்கல் விட்டபாடில்லை. குரல் கரகரத்துப் போயிற்று. வசந்தி ஓட்டோ பிடித்தாள்.

நாவற்குடாவில் இருந்து பட்டினத்துக்கு வருவதென்றால் கல்லடியில் வாவியைக் கடக்க வேண்டும். அங்கே பழைய இரும்புப் பாலமும் புதிய பாலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஓட்டோ பாலத்தை நெருங்கும்போது தேவராசா மனைவியின் கையைப் பிடித்தாராம்.

“வசந்தி, எத்தின பாலம் தெரியுது?”

“ரெண்டு. பழசும் புதுசும். இதென்ன கேள்வி?”

“எனக்கு நாலு தெரியுது.”

ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, கண் கிளினிக்குக்குப் போவமா?” என்று கேட்டிருக்கிறார்.

நல்லவேளை, அவள் நேரே ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. வாசலில் ஒருவர் குடிகாரர் என்றார், ஒருவர் வயிற்றுப்புண் என்றார், ஒருவர் காது என்றார். விடுதியில் அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி விக்கிக்கொண்டு கிடந்தார்.

டொக்டர் மர்சூக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமைய விடுங்க. அதுக்கு முதல் நாளில இருந்து சொல்லுங்க. அவசரமில்ல.”

“சனிக்கிழமை பிடரியில ஒரே வலி டொக்டர். இடப்பக்கம். தலகாணி மாறிப் படுத்ததாக்கும் எண்டு நினைச்சன்.”

“அதுக்கு முதல் நாள்?”

“வெள்ளிக்கிழமை முடி வெட்டப் போனன்.”

“முடி மட்டுந்தானா?”

“முடி வெட்டி, முகம் வழிச்சு, தலைய நல்லா அமத்தி விட்டு, கழுத்துல நெட்டி முறிச்சு விட்டான். ஜெயந்தான். என்ட கூட்டாளி. அது எப்பவும் செய்யிறதானே.”

டொக்டர் சட்டைப் பையில் இருந்து இசைக்கவையை எடுத்தார். அது இரும்பில் செய்த, இரண்டு கவர் உள்ள கருவி. தட்டிக் காதருகே வைத்தால் ரீங்காரம் கேட்கும். அவர் தட்டவில்லை. அந்தக் குளிர்ந்த இரும்பைத் தேவராசாவின் வலக் கன்னத்தில் வைத்தார்.

“எப்படி இரிக்கி?”

“குளிருது.”

இடக் கன்னத்தில் வைத்தார்.

“இதில ஒண்டும் இல்ல. சும்மா தொடுறாப் போல இரிக்கி.”

பிறகு கைகளில் வைத்தார். கன்னத்தில் இருந்ததற்கு நேர்மாறாக, இடக் கை குளிர்ந்தது, வலக் கை குளிரவில்லை. ஒரு மாணவர் என் காதில், “முகத்தில ஒரு பக்கம், கையில மற்றப் பக்கம். சும்மா சொல்றாரோ?” என்றார். குரல் மெலிந்தாலும் டொக்டருக்குக் காது கூர்மை.

“பொய் சொல்ற ஆள் இவ்வளவு கஷ்டமான பொய் சொல்ல மாட்டார்” என்றார் டொக்டர். “இவர்ர இடக் கண் இமையையும் பாருங்க. கொஞ்சம் இறங்கி இரிக்கி. கண்மணியும் மற்றதிலும் பார்க்கச் சின்னன்.”

பிறகு, தன் விரலைத் தொட்டுவிட்டு மூக்கைத் தொடச் சொன்னார். வலக் கை சரியாகத் தொட்டது. இடக் கை அலைந்து திரிந்து கன்னத்தில் போய் இடித்தது. கடைசியாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் இடுப்பில் கை கொடுத்துத் தேவராசாவை எழுப்பி நிறுத்தினேன். யாரோ கயிறு போட்டு இழுத்த மாதிரி அவர் முழு உடம்பும் இடப்பக்கம் சரிந்தது. நானும் அவரும் சேர்ந்து கட்டிலில் உட்கார்ந்தோம்.

டொக்டர் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தார்.

“தம்பி, டயரில உள்தோல் கிழிஞ்சா என்ன நடக்கும்?”

“வெளியால பாக்கத் தெரியாது டொக்டர். உள்ளுக்குள்ள காத்துப் புகுந்து தோல் புடைச்சுப் போகும்.”

“உங்கட கழுத்திலயும் அதுதான். கழுத்தெலும்புக்குள்ளால மூளைட பின்பக்கத்துக்கு ஒரு இரத்தக் குழாய் போகுது. கழுத்த வெட்டித் திருப்பினதில அதுட உள்தோல் கிழிஞ்சிட்டு. அந்த இடத்தில இரத்தம் கட்டிபட்டு மேல போற வழிய அடைச்சிரிக்கி. நடையையும் கண்ணையும் விழுங்கிறதையும் சமன் பண்ணுற இடம் அங்கதான் இரிக்கி. இதுவும் பாரிசவாதந்தான். கை கால் விழாத பாரிசவாதம்.”

தேவராசா யோசித்தார்.

“பட்ச் ஒண்டு போடேலாதா டொக்டர்?”

“அநேகமா அது தானாவே ஒட்டும். அதுவரைக்கும் இன்னும் கட்டிபடாம இருக்க மருந்து தருவம். கழுத்த மட்டும் ஒருத்தரும் தொடப்படாது.”

வசந்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். “அப்ப இவர் குடிச்சிட்டு விழல்ல எண்டு ஒரு கடுதாசியில எழுதித் தருவீங்களா?”

டொக்டர் சிரித்தார். நான் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்தது அபூர்வம்.

கழுத்துக் குழாய்களைப் பார்க்கும் ஸ்கேனுக்கு வெளியூருக்கு அனுப்பினார்கள். படத்தில் இடப்பக்கக் குழாய் பாதி வழியில் மெலிந்து எலிவால் போல முடிந்திருந்தது. திரும்பி வந்தபின் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னொரு இரத்தக் கட்டி மேலே போனாலும், மூளை வீங்கினாலும் ஆள் தப்புவது கஷ்டம் என்றார். “இந்தக் கிழமை தாண்டட்டும் திலகம். தாண்டினா மிச்சம் உங்கட கையில.” அந்தக் கிழமை முழுவதும் நான் காலையில் விடுதிக்குள் நுழைந்ததும் முதலில் அந்தக் கட்டிலைத்தான் பார்த்தேன். விக்கல் சத்தம் கேட்டால் நிம்மதி.

கிழமை தாண்டியது. என் வேலை தொடங்கியது.

முதலில் கட்டிலில் இருக்கப் பழக்கினேன். பிறகு, விழுந்தாலும் சுவர் தாங்கும்படி அறை மூலையில் நிறுத்தினேன். ஒரு கண்ணுக்கு மறைப்புப் போட்டு, அதை மாற்றி மாற்றிக் கட்டினோம். நீட்டிய பெருவிரலைப் பார்த்தபடியே தலையை மெல்ல, மிக மெல்ல, சிறிய அளவில் அசைக்க வேண்டும். கேட்க விளையாட்டுப் போல இருக்கும். செய்து முடிக்கும்போது அவர் சட்டை வியர்வையில் நனைந்து, முகம் வெளிறியிருக்கும்.

“மிஸ், தொண்ணூறு நிமிசம் ஓடினாலும் இப்பிடிக் களைக்கிறதில்ல.”

“அங்க கால் ஓடுறது. இஞ்ச மூளை ஓடுது.”

விழுங்கும் பயிற்சி நடந்தது. சாப்பாட்டுக்கென்று மூக்கில் போட்டிருந்த குழாயைக் கழற்றி, முதல் தடவை கரண்டியால் கஞ்சி உள்ளே போய் அங்கேயே நின்ற அன்று, வசந்தி வீட்டில் இருந்து விசிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஊதுவதும் தொண்டைக்குப் பயிற்சிதான் என்று நான் முன்பு வாய் தவறிச் சொல்லியிருந்தேன். முதல் நாட்களில் காற்று மூக்கால் போய்விடும், விசில் மூச்சு விடும். பிறகு ஒருநாள் பார்வையாளர் நேரத்தில், முன்னறிவித்தல் இல்லாமல், முழு விசில் கிளம்பியது. விடுதியே அசையாமல் நின்றது. சாப்பாட்டு வண்டியைத் தள்ளியவர் கூட நின்றுவிட்டார். தாதிப் பொறுப்பாளர் வந்து விசிலைப் பறித்துக்கொண்டு போனார். போகும்போது, “இவர வீட்டுக்கு அனுப்பலாம்” என்று சொன்னார்.

பாலக் கணக்கும் இறங்கியது. கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு முறையும் அறிக்கை தருவார். ஒருநாள் ஓட்டோவில் இருந்து இறங்கியதும், “மிஸ், இண்டைக்கு மூண்டு” என்றார். பொய்த் தோற்றங்கள் நெருங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்று விழத் தொடங்கியிருந்தன. மூன்று பாலத்துக்காக நான் சந்தோசப்பட்டது அந்த ஒருநாள்தான்.

இதற்கிடையில் ஜெயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சலூன் தேவராசாவின் கடைக்குப் பக்கத்துக் கடை. தேவராசா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஜெயம் தினமும் வந்தார், உள்ளே வரவில்லை. என் அறைக்கு வெளியே கிடந்த நீள மரவாங்கில் உட்கார்ந்திருப்பார். யாருக்கோ காத்திருக்கும் நோயாளி என்றுதான் முதலில் நினைத்தேன். பெயரைக் கேட்டபோது எழுந்து நின்றார்.

“நாந்தான் மிஸ் அவன்ட கழுத்த முறிச்ச ஆள்.”

வசந்தியிடம் சொன்னேன். “அவர இஞ்சால வரவிடாதீங்க மிஸ், கண்டா நான் என்ன செய்வனெண்டு தெரியாது” என்றாள். டொக்டரிடம் சொன்னேன். அவர் ஜெயத்தைக் கூப்பிட்டு, முக்காலியை அவருக்கே கொடுத்தார். தான் நின்றார். ஒரு தலையணையைக் கையில் கொடுத்து, எப்படிச் செய்வீர்கள் என்று காட்டச் சொன்னார். ஜெயம் தலையணையை மடியில் வைத்துத் திருப்பிக் காட்டினார்.

“இப்பிடி எத்தின பேருக்குச் செய்திரிக்கீங்க?”

“ஊரில அரைவாசிப் பேருக்கு ஐயா. எனக்குப் பழக்கினவர் இப்பிடித்தான் பழக்கினார்.”

“அவங்களுக்கு ஒண்டும் நடக்கல்ல. இவருக்கு நடந்திட்டு. எந்தக் கழுத்து தாங்கும், எந்தக் கழுத்து தாங்காதெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதால இனி ஒருத்தருக்கும் வேணாம். கேட்டு வந்தாலும் வேணாம்.”

“இனித் தலைமுடியத் தவிர வேற எதிலயும் கை வைக்க மாட்டன் ஐயா.”

ஏச்சு வாங்குவதற்கென்று வந்தவருக்கு ஏச்சுக் கிடைக்கவில்லை. அது அவரை இன்னும் வாட்டியது என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போன தேவராசா தினமும் நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வாவிக்கரை வீதியில் பின்னேரம் நடை. ஆனால் நடை இன்னும் இடப்பக்கம் இழுத்தது. வசந்தி இடப்பக்கம் நின்று தாங்கினாள். அவள் சின்ன உடம்பு. ஒருநாள் கிளினிக்குக்குத் தோளைத் தடவிக்கொண்டு வந்தாள்.

“மிஸ், நான் இனி இடிபடேலாது. இவர் என்னை வேலியோட வெச்சு நசிக்கிறார்.”

“வேற ஆம்புளை ஆள் ஒருத்தரும் இல்லையா?” என்று கேட்டேன்.

தேவராசா மெதுவாக, “பின்னேரத்தில ஜெயம் சும்மாதானே இரிக்கான்” என்றார். வசந்தி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தோளைத் தடவினாள்.

“சரி. அந்த மனிசனே இடிபடட்டும்” என்றாள்.

அடுத்த நாளில் இருந்து ஜெயம் சலூனைப் பூட்டிவிட்டு வர, இருவரும் நடந்தார்கள். ஜெயம் இடப்பக்கம். தேவராசா சரியும்போதெல்லாம் ஜெயத்தின் தோளில் போய் முட்டினார். முதல் நாள் இருவரும் வீதியையே பார்த்தபடி நடந்தார்களாம். இரண்டாம் நாள் தேவராசா, “நீ கொஞ்சம் தள்ளிப் போ, நான் நேராப் போகலாமா பாப்பம்” என்றாராம். ஜெயம் தள்ளிப் போனார். தேவராசா நேராகப் போய்க்கொண்டிருந்தவர் மீண்டும் சரிந்து அவர் மேலேயே விழுந்தார். இருவரும் வீதியோரப் புல்லில் கிடந்து சிரித்தார்கள். மீன் வாங்கப் போன ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு வசந்தியிடம் வந்து, உன்ட புருசனும் சலூன்காரரும் குடிச்சிட்டுக் கிடக்காங்க என்று சொன்னாளாம். வசந்தி இந்தத் தடவை சிரித்துவிட்டாள்.

சில மாதங்களில் நடை நேராகியது. அப்போதும் ஜெயம் இடப்பக்கத்தை விடவில்லை. சலூனில் ஒரு பலகை மாட்டினார். ‘இங்கு கழுத்தில் நெட்டி முறிக்கப்பட மாட்டாது’ என்று பெரிய எழுத்தில். யாராவது வற்புறுத்தினால் பக்கத்துக் கடைக்கு அனுப்பி வைப்பார். டயர் ஒட்டியபடியே தேவராசா முழுக் கதையையும் சொல்லுவார். கழுத்தில் ஏதும் பட்டபிறகு தலைச்சுற்று, இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்கக் கஷ்டம் என்று ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், போனதும் கழுத்தில் பட்டதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று முடிப்பார். நாங்கள் நடத்திய கருத்தரங்குகளில் வந்த சனத்தை விட அந்த டயர் கடைக்குப் போன சனம் அதிகம்.

ஆனால் அவருக்கு வேண்டியது ஒன்றுதான். “மிஸ், திரும்ப ஊதலாமா?” ஒவ்வொரு கிளினிக்கிலும் கேட்பார். நடுவருக்குக் கால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டே தலையைத் திருப்ப வேண்டும், நின்று திரும்ப வேண்டும், பின்னால் ஓட வேண்டும். தலை திரும்பும் அந்தக் கணத்தில்தான் அவருக்கு உலகம் வழுகியது. ஆஸ்பத்திரியின் நீண்ட நடையோடையில் நான் ஒரு பக்கமும், அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த பிரியா மறுபக்கமும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட, அவர் ஓடியபடி திரும்பிப் பார்த்துப் பழகினார். டொக்டர் இரண்டாவது ஸ்கேனைப் பார்த்தார். குழாய் திறந்திருந்தது. ஆனாலும் உடனே சம்மதிக்கவில்லை. முதலில் பயிற்சி ஆட்டம், பாதி நேரம் மட்டும், தலையால் பந்து அடிக்கக் கூடாது என்றார். நடுவர் தலையால் அடிக்க மாட்டார் என்று தேவராசா பணிவாகச் சொன்னார்.

நாற்பது வயது கடந்தவர்களின் சிநேகபூர்வ ஆட்டம் ஒன்று வந்தது. நாவற்குடா ஒரு பக்கம், ஏறாவூர் மறுபக்கம். நான் போனேன். வசந்தி முன்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு இருந்தாள். ஜெயம் உட்காரவே இல்லை, இடப்பக்கக் கோட்டோரமாக ஆட்டத்தோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தார். டொக்டர் மர்சூக் குடையோடு வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். ஏறாவூர் என் ஊர், ஊர்ப்பற்றில்தான் வந்தேன், நோயாளியைப் பார்க்க வரவில்லை என்றார்.

தேவராசா ஓடினார். முதல் சில நிமிடங்கள் நான் பந்தைப் பார்க்கவில்லை. அவர் பாதங்களையே பார்த்தேன். மெல்ல மெல்ல மறந்து, நானும் ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

பாதி நேரம் முடியப் போகும்போது நாவற்குடாக்காரர் ஒருவர் ஏறாவூர்க் கோலுக்கு முன்னால் விழுந்தார். விசில் முழங்கியது. தேவராசா பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். ஏறாவூர்ப் பக்கம் கொதித்தது. பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

“ரெப்ரி, உங்களுக்குக் கண் தெரியாதா?”

நாவற்குடாப் பக்கம் எல்லோருக்கும் கதை தெரியும். வசந்தி வாயைப் பொத்தினாள். தேவராசா ஓடிய வேகத்திலேயே தலையைச் சட்டென்று திருப்பிக் குரல் வந்த திசையைப் பார்த்தார். கால் தடுமாறவில்லை, உடம்பு சாயவில்லை. மறுபடி திரும்பி, பந்தைப் புள்ளியில் வைக்கச் சொல்லிக் கை காட்டினார். வசந்தி சிரிக்கத் தொடங்கினாள், பிறகு கண்ணைத் துடைத்தாள். கோட்டோரத்தில் ஜெயம் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து நின்றார்.

நான் டொக்டரைப் பார்த்தேன். அவர் குடையை மடித்தபடி மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண் நல்லாத்தான் இரிக்கி, திலகம்” என்றார் அந்த மெல்லிய குரலில். “தீர்ப்புத்தான் பிழை.”